கல்லூத்துக்குப் போகும் புதன்கிழமை வண்டி

கண்ணு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். அறை சின்னதாக இருந்தாலும் காற்று வருகிறது, மெஸ் சாப்பாட்டில் தேங்காய் அதிகம், பக்கத்து அறைக்காரனோடு கன்னடத்தில் பேசிச் சமாளிக்கிறேன் என்று என்னிடமும் சொன்னாய். மாரண்டஹள்ளிச் சந்தையில் காய்கறிக்காரர்களிடம் பேசிப் பழகிய கன்னடம் மங்களூரில் உதவுகிறது என்றால் சந்தோஷம்தான். ஆனால் தர்மபுரி பஸ் நிலையத்தில் பையை மேலே ஏற்றிவிட்டு நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "பெரியப்பா ஏம்மா வரல?" என்று கேட்டாய். "வேலை இருக்கும் கண்ணு" என்றேன். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது உன்னைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் அவர். பள்ளிக்கூடத்தில் நீ சேர்ந்த அன்றும், கல்லூரிக்குக் கிளம்பிய அன்றும் உன்னை வழியனுப்ப வந்தவர். முதல் வேலைக்குப் போகும்போது வரவில்லை என்றால் அது வேலையால் அல்ல என்று உனக்கே தெரிந்திருக்கும். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

இதைப் போனில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பாதியில் யாராவது சிலிண்டர் கேட்டுக் கூப்பிடுவார்கள், பேச்சு அறுந்துவிடும். அதனால் எழுதுகிறேன். குடும்பத்துச் சண்டையை உன் தலையில் வைக்க வேண்டும் என்று எண்ணவில்லை. கப்பலில் வந்து இறங்கும் கேஸை எந்த ஆலைக்கு எவ்வளவு என்று பிரித்து அனுப்பும் இடத்தில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது. உன் பெரியப்பாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றதும் அந்தக் கேஸ்தான். உன் வேலையைத் தொடங்கும் முன் நீ இதைத் தெரிந்துகொள்வது நல்லது என்று பட்டது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அலுத்துவிட்டது. முழங்கால் வலி ஒரு பக்கம் இருக்கட்டும். காலையில் ஆபீஸ் கதவைத் திறக்கும்போதே முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருக்கிறது. அடுப்பு அணைந்த வீட்டிலிருந்து வருகிற யாரும் நிதானமாகப் பேச மாட்டார்கள், அதைத் தப்பு சொல்லவும் முடியாது. நீ ஏழாவது படிக்கும்போது இந்த கேஸ் ஏஜென்சி நம் கைக்கு வந்தது. குடோன் வீடுகளுக்குத் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. நம்மிடம் அப்படி ஒரு துண்டு நிலம் இல்லை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் கிடந்த குடும்பப் பொது நிலத்தில் தன் பங்கை உன் பெரியப்பா தயங்காமல் எழுதிக் கொடுத்தார். "தம்பி எத்தன வருசம் ஸ்டியரிங் புடிச்சிக்கினே இருப்பான், இறங்கட்டும்" என்றார். அந்த ஈரத்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை. இனிமேல் சொல்லப்போவதைப் படிக்கும்போது நீயும் அதை மறக்காதே.

உன் அப்பா ஓட்டியது புல்லட் லாரி. ஊர்ப் பிள்ளைகள் அந்த நீள உருளை டேங்கருக்கு வைத்த பெயர். நீ இப்போது இருக்கிற மங்களூர்த் துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும். உள்ளே கேஸ் குளிர்ந்து தண்ணீர் மாதிரி கிடக்கும். அதைப் பெரிய தொட்டிகளுக்கு ஏற்றி, தொட்டியிலிருந்து புல்லட் லாரிகளுக்கு மாற்றுவார்கள். அங்கிருந்து மலையேறி, பெங்களூரைச் சுற்றி, ஓசூர் வழியாக இறங்கி, தொப்பூர் கணவாயில் பிரேக்கைப் பிடித்தபடி ஊர்ந்து, சிலிண்டரில் நிரப்பும் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆலையில் நிரப்பி, ஒழுகுகிறதா என்று தண்ணீரில் முக்கிப் பார்த்து, மூடி போட்டு, இன்னொரு லாரியில் ஏற்றினால் அது நம் குடோனுக்கு வரும். நம் குடோனிலிருந்து முனியப்பனின் சின்ன வண்டியில் தெருத்தெருவாகப் போகும். வழியில் எந்த இடத்தில் ஒரு கை சோர்ந்தாலும், கடைசியில் அணைவது யாரோ ஒருத்தியின் அடுப்பு. அவளுக்குக் கப்பல் தெரியாது, தொட்டி தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முனியப்பன்தான். திட்டு எல்லாம் அவனுக்குத்தான்.

நீ முதல் நற்கருணை எடுத்து, புதுநன்மை வாங்கிய அன்று அப்பா கோயிலுக்கு வரவில்லை என்று அழுதாய், நினைவிருக்கிறதா? அன்று அவர் தூர தேசத்தில் இல்லை. சேலத்துக்குப் பக்கத்தில், ஆலை வாசலில், ரோட்டோரம் லாரிகளின் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஆலைத் தொட்டியில் இடமில்லை, லோடை இறக்க முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். நாள்கணக்கில் நின்றார்கள். நிழல் கிடையாது, கக்கூஸ் கிடையாது, லாரியை விட்டு நகரவும் கூடாது. அதே வாரம் துறைமுகத்தில் லாரி இல்லை என்று கப்பலில் சரக்கு இறங்காமல் நின்றதாம். இங்கே லாரி சும்மா நிற்கிறது, அங்கே லாரிக்காகக் கப்பல் நிற்கிறது, நடுவில் நம் ஊரில் கேஸ் இல்லை. அப்பா இதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்: "கேஸு இல்லாமப் போறது கம்மி. இருக்கற எடத்துலயே நவுராம நின்னுக்கினு இருக்கும், அதான் பெரிய கேடு." யார் எப்போது வந்தால் இறக்க முடியும் என்று கிளம்பும் முன்பே டிரைவருக்கு நேரம் சொல்லிவிட்டால் பாதி வரிசை இருக்காது. இப்போது சில இடங்களில் அப்படிச் செய்கிறார்கள், குழாயும் போடுகிறார்கள் என்கிறாய். நல்லது. ஆனால் குழாய் வந்தாலும் கடைசிப் பத்து மைலுக்கு ஒரு மனுஷன்தான் வண்டி ஓட்ட வேண்டும். அவன் தூங்கினானா, சாப்பிட்டானா என்று கேட்கிற இடத்தில் நீ இருந்தால், கேள்.

நீ கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது ஐப்பசி மழையில் தட்டுப்பாடு வந்தது. கடல் கொந்தளிப்பில் கப்பல் வரத் தாமதம் என்றார்கள். பிறகு ஆலையில் லாரிக்காரர்களுக்கும் ஒப்பந்தக்காரருக்கும் தகராறு என்றார்கள். எது உண்மை, லோடு என்றைக்கு வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நாளைக்கு வரும் என்று நான் சொல்லுவேன், வராது. அடுத்த நாளும் அதையே சொல்லுவேன். மூன்றாம் நாள் என் வார்த்தைக்கு மதிப்பில்லை. ஒரு வீட்டில் ரெண்டு சிலிண்டர் இருக்கும், ஒன்று நிறைந்தே இருக்கும், இருந்தாலும் பயத்தில் இன்னொன்றுக்குப் பதிவு செய்வார்கள். தெருவில் ஒருத்தி பதிந்தால் தெரு முழுக்கப் பதியும். ஊரில் எரிகிற அடுப்பு அதேதான், சமைக்கிற சோறும் அதேதான். கம்ப்யூட்டரில் மட்டும் தேவை ரெண்டு மடங்காக ஏறி நின்றது. உண்மையில் அடுப்பு அணைந்தவள் யார், பயத்தில் பதிந்தவள் யார் என்று பிரித்துப் பார்க்க அந்தத் திரையில் வழியில்லை. வரிசைப்படி கொடு என்பார்கள், கொடுத்தேன். போன் கையில் வைத்திருந்தவர்களுக்குப் போனது.

கல்லூத்துக்குப் போகவில்லை. காட்டோரத்தில், மலை ஏறும் இடத்தில் இருக்கிற அந்த ஊருக்கு நீ ஒரு தரம் முனியப்பனோடு போயிருக்கிறாய். ராகியும் சாமையும் விதைக்கிற ஜனங்கள். எல்லா வீட்டுக்கும் இலவசமாக இணைப்பு கொடுத்தபோது நாம்தான் கொண்டுபோய் அடுப்பு மாட்டிக் காட்டினோம். அதற்குப் பிறகு அங்கிருந்து பதிவே அதிகம் வராது. அங்கே போனில் சிக்னல் இல்லை. பதிவு செய்யவும் போன் வேண்டும், சிலிண்டர் கையில் வந்ததும் சொல்ல வேண்டிய நம்பரும் போனுக்குத்தான் வரும். காலி சிலிண்டரை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். முழு சிலிண்டருக்கான பணம் ஒரே நாளில் கையில் சேர்வதும் கஷ்டம். அதனால் ஒரு தரம் தீர்ந்ததும் விறகுக்குத் திரும்பிவிட்டார்கள். நம் திரையில் கல்லூத்து எப்போதும் நிலுவையே இல்லாத ஊர். பார்க்கிறவனுக்கு அந்த ஊர் நிறைவாக இருப்பது போலத்தான் தெரியும்.

ஒருநாள் காலை முனியப்பன் ஆபீஸுக்குள் வந்து நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அக்கா, கல்லூத்து மாதம்மாவ ஆனை தூக்கி எறிஞ்சிடுச்சாம். வெறகுக்குப் போயிருக்காங்க."

"உசுரு?"

"இருக்குது. தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்காங்களாம்."

மாதம்மாவை எனக்குத் தெரியும். இணைப்பு கொடுத்த அன்று அடுப்பைப் பற்றவைக்கப் பயந்து, என் கையைப் பிடித்துக்கொண்டே திருகியவள். என் வயதுதான் இருக்கும். மத்தியானம் ஆபீஸை மூடிவிட்டு நானும் அப்பாவும் போனோம். இடுப்புக்குக் கீழே கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். மருமகள் சுதா பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரில் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"வெறகுக்கு எதுக்குங்க அவ்ளோ உள்ள போனீங்க?" என்று கேட்டேன்.

"ஓரத்துல இருந்ததெல்லாம் எடுத்தாச்சுங்கக்கா. மழைக்கு எல்லாம் ஈரம். காஞ்சது வேணும்னா உள்ளதான் போவணும். உண்ணிப் பொதருக்குப் பின்னால நின்னுக்கினு இருந்துது, தெரியல."

"சிலிண்டர் தீந்ததும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எங்க போய்ச் சொல்றதுங்க? போன் எடுக்கணும்னா வளைவுக்கு நடக்கணும். சொன்னாலும் வண்டி வருமா வராதான்னு தெரியாது. வண்டி வரும்னு தெரிஞ்சா, இருக்கறத வெச்சி எப்படியோ ஓட்டிக்குவோம். தெரியலைன்னா காட்டுக்குத்தான் போவணும்." வலியில் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எந்தக் கெழமை வரும்னு மட்டும் சொல்லுங்கக்கா" என்றாள்.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

அடுத்த வாரம் கம்பெனியின் விற்பனை அதிகாரி வந்தார். உன் வயதுப் பையன், அவனும் பல ஊர் அலைந்து களைத்துத்தான் இருந்தான். கல்லூத்துக்குத் தனியாக லோடு வேண்டும் என்றேன். திரையைப் பார்த்தான். "மேடம், அந்த ஊர்ல டிமாண்டே இல்லீங்களே. போன வருஷ விற்பனைய வெச்சித்தான் இந்த வருஷம் ஒதுக்கீடு. விக்கவே இல்லைன்னா நான் எப்படிக் கேக்கறது?" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அந்தத் திரையில் தெரிந்தது அவ்வளவுதான். விற்றதைத்தான் தேவை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். போகாத ஊரில் விற்காது, விற்காத ஊருக்கு ஒதுக்கீடு இல்லை, ஒதுக்கீடு இல்லாததால் போவதில்லை. செக்கு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். யாராவது ஒருவர் அதை ஒரு இடத்தில் நிறுத்த வேண்டும்.

நான் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. நமக்கு வருகிற லோடிலிருந்தே கொஞ்சம் ஒதுக்கி, ஒரு கிழமையை வைத்தேன். ஒரு புதன் விட்டு ஒரு புதன் வண்டி கல்லூத்துக்குப் போகும் என்று சொன்னேன். ஊருக்குக் கீழே ரோடு திரும்பும் ஒரு வளைவில் மட்டும் சிக்னல் கிடைக்கும், மாதம்மா நடக்கணும் என்று சொன்ன அதே வளைவு. வண்டி அங்கே வந்து நிற்கும், ஜனங்கள் காலி சிலிண்டரோடு அங்கே இறங்கி வர வேண்டும். அந்த இடத்திலேயே அடுத்த தடவைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். முழு சிலிண்டருக்குக் கையில் பணம் சேராதவர்களுக்குச் சின்ன சிலிண்டர், இடுப்பில் வைத்துத் தூக்கிப் போய்விடலாம். மகளிர் குழுவில் இருந்த சுதா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். முதல் புதன் நானும் வண்டியில் போனேன். வளைவுக்கு வந்ததும் எல்லார் போனும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுகிணு என்று அடிக்க ஆரம்பித்தது. தேங்கிக் கிடந்த குறுஞ்செய்தியெல்லாம் வந்து விழ, பெண்கள் சிரித்தார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "அடுத்த தபா வருவீங்களான்னு பாப்போம்" என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அடுத்த தடவையும் போனோம். அதற்கடுத்த தடவை கூட்டம் அதிகமாக இருந்தது. அப்புறம் தை பிறந்தது. உன் பெரியப்பா மகள் கல்யாணம். நீ பரீட்சை என்று வரவில்லை.

தட்டுப்பாடு அப்போதும் முழுக்கத் தீரவில்லை. ஓட்டலுக்கும் மண்டபத்துக்கும் கொடுக்கிற பெரிய சிலிண்டர் எங்கேயும் இல்லை. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்க, சமையல்காரர் கையை விரித்துவிட்டார். உன் பெரியப்பா நேராகக் குடோனுக்கு வந்தார். அன்று செவ்வாய்க்கிழமை. மறுநாள் கல்லூத்துக்குப் போக வேண்டிய சிவப்பு சிலிண்டர்கள் மட்டும் அடுக்கி வைத்திருந்தோம். வேறு சரக்கு இல்லை.

"ஏம்மா, இதுல கொஞ்சம் மண்டபத்துக்கு அனுப்பு. ரெண்டு நாள்ல லோடு வந்தா அவங்களுக்குக் குடுத்துக்கலாம்" என்றார். ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் கொடுப்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"மாமா, இது வூட்டு சிலிண்டருங்க. மண்டபத்துக்குக் குடுக்கக் கூடாது."

"அது எனக்குத் தெரியாதா? ஊர்ல யாரும் செய்யாததா? நம்ம வூட்டுப் பொண்ணு கல்யாணம்மா."

"நாளைக்கு வரேன்னு கல்லூத்துல சொல்லியிருக்கேன் மாமா. லோடு ரெண்டு நாள்ல வரும்னு எனக்கு யாரும் சொல்லல. வராமப் போனா அவங்க காட்டுக்குப் போவாங்க."

"அவங்க காலங்காலமா வெறகுலதான் பொங்கித் தின்னாங்க. ரெண்டு நாள்ல செத்தா போயிடுவாங்க?"

மாதம்மாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "முடியாதுங்க மாமா" என்று மட்டும் சொன்னேன். அவர் குடோன் சுவரைப் பார்த்தார். "இந்தச் செவுரு நிக்கிற எடம் யாருதுன்னு தெரியுதில்ல?" என்றார். சத்தம் போடவில்லை. அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அப்பாவோடு நான் போட்ட சண்டை மாதிரி அதற்கு முன்னும் பின்னும் போட்டதில்லை. "அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? விதி விதின்னு பேசறியே, அவரு விதி பாத்தா நெலம் குடுத்தாரு?" என்று கேட்டார். விதிக்காக மட்டும் நான் மறுக்கவில்லை. அது ஒரு சாக்காகக் கிடைத்தது, அவ்வளவுதான். நாளைக்கு வளைவில் வண்டி வரவில்லை என்றால் மேட்டில் நின்ற பெரியவர் சொன்னது சரியாகிவிடும். அப்புறம் எத்தனை புதன்கிழமை போனாலும் அந்த ஊர் கீழே இறங்கி வராது. இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஆனால் காலையில் முனியப்பனோடு சேர்ந்து வண்டியில் சிலிண்டரை ஏற்றியவர் அவர்தான். ஏற்றிவிட்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போய், தோப்பில் விறகு பிளக்கிற ஆட்களோடு நின்றுவிட்டார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. விறகடுப்பில் பிரியாணி. எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். நான் பூசைக்குப் போனேன், மண்டபத்துக்கும் போனேன், பந்தியில் என் பக்கத்து இலை காலியாகவே இருந்தது. தம்பி பெண்டாட்டி ஏஜென்சி வைத்திருக்கிறாள், பெண் கல்யாணத்துக்குக் கேஸ் இல்லை என்று சொந்தக்காரர்கள் பேசிச் சிரித்ததுதான் அவரைச் சுட்டது. கேஸ் இல்லாதது அல்ல. அன்றிலிருந்து அவர் நம் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தால் அப்பாவோடு பேசுவார், என்னைத் தாண்டிப் பார்ப்பார். உன்னை வழியனுப்ப வந்தால் என்னோடு நிற்க வேண்டியிருக்கும். அதனால்தான் வரவில்லை. உன்மேல் கோபம் கிடையாது. உனக்கு வேலை கிடைத்த சேதி கேட்டுத் தெருவுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தாராம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில் உனக்கு வேலை இருக்கிறது. மாசியில் லோடு தடதடவென்று வர ஆரம்பித்தது. பயத்தில் பதிந்த பதிவுகளையெல்லாம் பார்த்து ஆலை அனுப்பியது. வீட்டுக்குக் கொண்டு போனால், "இப்ப வேணாங்க, ரெண்டும் நிறைஞ்சிருக்குது" என்று கதவைச் சாத்தினார்கள். குடோனில் அடுக்க இடமில்லை. ஒரு லோடைத் திருப்பி அனுப்பினேன். உடனே அடுத்த மாத ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டார்கள். வீட்டிலிருந்த ரெண்டும் தீர்ந்தபோது மறுபடியும் தட்டுப்பாடு. வெயில் காலத்தில் கப்பலுக்கு ஒரு குறையும் இல்லை, லாரியும் ஓடியது. இந்தத் தட்டுப்பாட்டை நாமே சமைத்தோம். ஒரு பயம் மேலே ஏறி ஏறிப் பெரிதாகி, திரும்ப நம் தலையிலேயே விழுந்தது. இத்தனை கலவரத்திலும் ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி நின்றது கல்லூத்துக் கணக்கு மட்டும்தான். வண்டி வரும் நாள் தெரிந்தவர்கள் அவசரப்பட்டுப் பதியவில்லை. அந்த அதிகாரிப் பையனே அதைக் கவனித்துவிட்டு, "இத மட்டும் எப்படி மேடம் சமாளிச்சீங்க?" என்று கேட்டான். இப்போது கல்லூத்துக்கு என்று தனியாக ஒதுக்கீடு வருகிறது.

கண்ணு, நீ படித்தவன், இதற்கெல்லாம் உன் பாடத்தில் பெயர் இருக்கும். நான் கேட்பது ரெண்டே காரியம். லோடு வராது என்றால் வராது என்று கீழே இருக்கிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடு. கெட்ட சேதியானாலும் தேதியோடு வந்தால் ஜனங்கள் தாங்கிக்கொள்வார்கள். மற்றது, உன் திரையில் எங்கேயாவது ஒரு ஊருக்கு நேரே ஒன்றுமே இல்லாமல் வெறுமையாகத் தெரிந்தால், அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று அடுத்த வரிக்குத் தாண்டிவிடாதே. யாருக்காவது போன் போட்டுக் கேள். முடிந்தால் ஒரு தரம் போய்ப் பார். இதனால் சில பேர் மனசு புண்படும், சில சமயம் உனக்கு வேண்டியவர்கள் மனசே புண்படும். அதை உனக்கு எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தால் நானே தடுத்திருப்பேன். லீவில் வரும்போது முதலில் பெரியப்பா வீட்டுக்குப் போ. எனக்காக வாதாடப் போகாதே. சும்மா போய்ச் சாப்பிட்டுவிட்டு வா.

ஏஜென்சியை ஒப்படைத்துவிடுங்கள் என்று நீ சொன்னதை நானும் அப்பாவும் பேசினோம். ஒப்படைக்கத்தான் போகிறோம். இந்த வருஷம் முடியட்டும். எடுத்துக்கொள்ள வருகிறவர் புதன்கிழமை வண்டியை விடுவாரா என்று கேட்டேன். "பாக்கலாங்க, டீசல் கட்டுபடி ஆவணும்ல" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? வற்புறுத்தத் தெம்பில்லை. மாதம்மா இப்போது கோல் ஊன்றி நடக்கிறாள், காட்டுக்குப் போவதில்லை. அதற்காவது இந்தக் காலம் உதவியது என்று இருந்துவிட வேண்டியதுதான்.

இந்தப் புதன்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மலையடிவாரத்திலேயே வண்டிக்குக் கிளட்ச் போய்விட்டது. முனியப்பன் போன் செய்தான். மெக்கானிக் பாலக்கோட்டிலிருந்து வர வேண்டும், மழை வேறு தூறியது. சரி, யாராவது பைக்கில் போனால் மேலே சொல்லி அனுப்பு, எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும், வண்டி நாளைக்கு வரும் என்றேன். ஆபீஸில் உட்கார்ந்து, போச்சு, இதோடு போச்சு என்று நினைத்துக்கொண்டேன். கிளட்ச் சரியாகி, பொழுது சாயும் நேரத்துக்கு முனியப்பன் வளைவிலிருந்து கூப்பிட்டான். பின்னால் பேச்சுச் சத்தமும், சிலிண்டர் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தமும் கேட்டது.

"எல்லாரும் இங்கதான் இருக்கறாங்கக்கா. யாரும் போவல."

"மழையில எதுக்குப்பா நின்னாங்க? நாளைக்குன்னு சொல்லலயா?"

"சொன்னாங்களாம். இன்னிக்கி புதன்கெழமதானே, வந்துரும்னு நின்னுட்டாங்களாம்."

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
அம்மா